கோலமாவில் போட்ட கோடு

எங்கள் தெருக்காரர்களுக்கும், கீழக்குடியிருப்புக்காரர்களுக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு ராத்திரியெல்லாம் போன் செய்த நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஊரணி நிறைந்து தெருவுக்குள் வெள்ளம் புகுந்த அந்த மூன்று ராத்திரியைப் பற்றி எழுதப் போவதில்லை. எல்லோரும்தான் பட்டோம். நேற்றுதான் பட்டாலையைக் கழுவி முடித்தேன். ஆத்தங்குடிக் கல் இடுக்கில் இன்னும் சேறு இருக்கிறது, கையெல்லாம் வலி. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாலு நாள் போனால் நாசூக்காக எழுத ஆரம்பித்துவிடுவேன்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. பூட்டிக் கிடந்த பெரிய வீட்டின் சாவியை முதலாளியிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உடனே கொடுத்த காவல்காரருக்கு. அந்த வீட்டுக் கல்யாணக் கொட்டகையில் மூன்று வேளையும் பொங்கிப் போட்டவர்களுக்கு. இடுப்பளவுத் தண்ணீரில் போய் பியூஸைப் பிடுங்கிய வயர்மேனுக்கு. மணல் மூட்டை சுமந்த பிள்ளைகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் வந்த சர்வேயருக்கு. மீட்டர் கணக்குப் பார்க்காமல் ஓட்டிய ஜேசிபி தம்பிக்கு. தங்கள் மனையின் நடுவே தோண்டச் சம்மதித்த இரண்டு குடும்பங்களுக்கு. பணம் அனுப்பியவர்கள் பட்டியல் தனியே இருக்கிறது, கணக்கோடு வரும்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததே யாருக்காகவோ அவரைப் பற்றி. பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாகப் பாத்திரம் தேய்க்கும் அம்மா அவர். எழுபது இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஊரணியின் மறுகால், அதாவது நிறைந்த தண்ணீர் வெளியேறும் கால்வாய், எங்கே புதைந்து கிடக்கிறது என்று தெரிந்தால் தோண்டித் தண்ணீரை வடித்துவிடலாம். நில அளவைப் புலப்படத்தில் அதன் கோடு இருந்தது. தரையில்தான் ஒன்றும் இல்லை. கிராவலை அடித்து மேடாக்கிப் பிளாட் போட்டதில் பழைய அளவைக் கல் எல்லாமே அடியில் போய்விட்டது. பக்கத்துப் புலங்களில் கல் தேடிப் பிடித்து அங்கிருந்து அளந்து வர மறுநாள் ஆகும் என்றார் சர்வேயர். ஜேசிபி வாடகை ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள், அதாவது ஓய்வு பெற்ற இரண்டு பொறியாளர்கள், ஒரு வங்கி மேலாளர், முப்பது வருடம் பூகோளம் நடத்திய நான், செல்போனில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேகம்தான் தெரிந்தது.

அப்போது இந்த அம்மா ஒரு சிரட்டையில் கோலமாவோடு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இலுப்பை மரத்தடியில் நின்று ஒருமுறை ஊரணிக் கரையைப் பார்த்தார். பிறகு காலடியை எண்ணிக்கொண்டே நடந்தார். நடக்க நடக்கச் செக்கச் செவேலென்ற கிராவலின் மேல் வெள்ளைக் கோடு விழுந்துகொண்டே வந்தது. ஓரிடத்தில் நின்று, "இங்ஙன வளையும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிளாட்டின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்து, "தோண்டச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

நாலடியில் வாளி செம்புறாங்கல்லில் இடித்தது. கால்வாயின் பழைய பக்கச் சுவர். மறுநாள் சர்வேயர் முறைப்படி அளந்தார். படத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் ஒரு முழம்தான் வித்தியாசம்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "வருசா வருசம் தூர் வாருனது எங்க ஆத்தா. கூடக் கூடை தூக்குனது நானு. எங்க குட்டைக்கு அந்தக் கால்லதான தண்ணி வரும்."

அங்கேயே நின்றுவிட்டேன். நம் வீடுகளைப் பார்க்க வருகிறவர்களிடம் வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: கூரைத் தண்ணீர் நாலு பக்கத்திலிருந்தும் முற்றத்தில் இறங்கும், முற்றத்திலிருந்து வடிகாலில், வடிகாலிலிருந்து ஊரணிக்கு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறியதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். நானும் பள்ளிக்கூடத்தில் பெருமையாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். என் படம் ஊரணியோடு நின்றுவிடும். ஊரணி நிறைந்த பிறகு தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அது இந்த அம்மா இருக்கும் கீழக்குடியிருப்பின் குட்டைக்குப் போயிருக்கிறது. நம் ஊரணிப் படியில் அவர்களைக் குடம் வைக்கவிடாத காலத்தில் அந்த மிச்சத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள்.

பிளாட் போட்டதிலிருந்து அந்தக் குட்டை காய்ந்து கிடக்கிறது. நாலு வருடம் முன்பு கிராம சபையில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். இந்த அம்மாவின் கைநாட்டும் அதில் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நம் தெருவிலிருந்து ஒரு ஆள் போகவில்லை. பக்கத்தில் மனை விலை ஏறினால் நம் இடத்துக்கும் ஏறும் என்று கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருத்தி, இதை ஒளிக்க விரும்பவில்லை. தண்ணீர் வரவில்லை என்று அவர்கள் சொன்னபோது காதில் விழவில்லை. அதே அடைப்பால் தண்ணீர் போகவில்லை என்று ஆனபோது ஆட்சியர் அலுவலகம் வரைக்கும் போன் போட்டோம்.

அவர்களுக்கு நம்மேல் கோபம் இருந்தால் அந்த அம்மா அன்றைக்குச் சும்மா வேடிக்கை பார்த்திருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் பார்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சரி. வருகிற ஜனவரி 26 கிராம சபைக்கு நான் போகிறேன். குட்டையைத் தூர் வார வேண்டும் என்பது முதல் தீர்மானம். கால்வாய் முழுவதும் அளந்து கல் நட வேண்டும் என்பது அடுத்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் தெரு ஆம்பளைகளும் வந்தால் நல்லது. வராவிட்டாலும் கைதூக்கக் கீழக்குடியிருப்பில் ஆள் இருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். திங்கட்கிழமை ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தவர் முந்தானையிலிருந்து ஒரு பாக்கெட் கோலமாவை எடுத்து முகப்பில் வைத்தார். இது எதுக்கு என்றேன்.

"அன்னைக்கு ஒங்க வீட்டு மாவத்தான் கேக்காம எடுத்துட்டேன் டீச்சர்" என்றார்.

வடக்குத் தெரு டீச்சர்