எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குழந்தைகளின் ஐ.க்யூ., அதாவது அறிவுத்திறனைச் சோதித்துப் போடும் எண், பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செல்போனில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், அது பிறவியிலேயே அமைவது, கடைசிவரை மாறாது என்று எழுதியிருந்தீர்கள். குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியையாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு வயது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மதிப்பீட்டு முகாமுக்குக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள். இவன் முறை வரும்போது மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பள்ளிக்கூட ஹால், மேலே கடகடவென்று ஓடும் ஃபேன், சுற்றிலும் நாற்பது பிள்ளைகள். உளவியலாளர் எண்களைச் சொல்லுவார், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். "நாலு, ஏழு, ஒண்ணு." சொன்னான். அடுத்ததற்குப் பதில் இல்லை. அதற்கடுத்ததைச் சொன்னான். பின்னால் அம்மாவோடு உட்கார்ந்திருந்த எனக்கு நாலைந்து தடவைக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் நிமிர்ந்து கேட்டால் பையன் பதில் சொல்கிறான். தாளில் குறித்துக்கொண்டே தலையைக் குனிந்து கேட்டால் பேசாமல் இருக்கிறான். அவன் கண் முழுக்க அவர் உதட்டின் மேலேயே இருந்தது.

மதிப்பெண் 62. அப்போதைய சான்றிதழ் முறையில் 50 முதல் 69 வரை என்றால் லேசான அறிவுசார் குறைபாடு என்று கணக்கு. நான் போய் இதைச் சொன்னதும் அந்த உளவியலாளர் அம்மையார் கோபப்படவில்லை. பையனைத் திரும்பிப் பார்த்தார். பேனாவை எடுத்து எண்ணுக்குப் பக்கத்திலேயே "காது பரிசோதனைக்குப் பிறகு மறுபடி சோதிக்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காது டாக்டரிடம் போனால் இரண்டு காதிலும் நாள்பட்ட சீழ். வைத்தியம் பார்த்து, காது கேட்கும் கருவியும் மாட்டி, ஒன்றரை வருடம் கழித்து மறுபடி சோதித்தபோது 88 வந்தது. அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால் அந்தப் பையனோடு 62தான் போயிருக்கும்.

இந்தச் சோதனை பிறந்த கதையை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் என்ற இரண்டு பேர் 1905-ல் பாரிஸில் 30 சின்னச் சின்னப் பயிற்சிகளைக் கொண்டு இதை உருவாக்கினார்கள். எரியும் தீக்குச்சியைப் பிள்ளை கண்ணால் பின்தொடர்கிறதா, சாக்லேட்டையும் மரத்துண்டையும் பிரித்தறிகிறதா என்று தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும். வகுப்போடு ஈடுகொடுக்க முடியாத பிள்ளை யார், அவர்களுக்குத் தனியாக என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் அதைச் செய்தார்கள். அறிவு கூட்ட முடியாத ஒரு அளவு என்று பேசியவர்களை பினே 1909-லேயே கடுமையாக மறுத்து எழுதினார். பயிற்சியால் கவனமும் நினைவாற்றலும் வளரும் என்று நம்பியவர் அவர். 1911-ல் காலமாகிவிட்டார். பி.எட். படித்தவர்கள் மனப்பாடம் செய்யும் சூத்திரம், அதாவது மன வயதை (எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குச் செய்கிறது என்பதை) உண்மையான வயதான கால வயதால் வகுக்கும் கணக்கு, அவர் போட்டதே இல்லை. 1912-ல் வில்லியம் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் சொன்னது அது. நூறால் பெருக்குவது அப்புறம் அமெரிக்காவில் சேர்ந்தது.

இன்று அந்த வகுத்தல் கணக்கும் பெரும்பாலும் போய்விட்டது. டேவிட் வெக்ஸ்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1939-ல் வெளியிட்ட சோதனையில் தொடங்கிய முறைதான் இப்போது பரவலாக இருக்கிறது. ஒரே வயதுக்காரர்களை வரிசையில் நிறுத்தினால் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். நடுப்புள்ளி 100. நூறு பேரில் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். எடை போடுகிற மாதிரி மூளைக்குள் இருப்பதை நிறுத்துப் பார்க்கும் எண் இது இல்லை. அன்றைக்கு, அந்த அறையில், அந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த இடம். சில புள்ளிகள் முன்பின் ஆகலாம் என்று சோதனைக் கையேடுகளே சொல்கின்றன.

அந்த வரிசையில் யாரை நிறுத்தினார்கள் என்பதும் முக்கியம். 1917-18-ல் அமெரிக்க ராணுவத்தில் ஆள் சேர்த்தபோது சுமார் 17 லட்சம் பேருக்குச் சோதனை வைத்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் காட்டி, விட்டுப்போனது எது என்று கேட்டார்கள். அதில் ஒரு படம் வலை இல்லாத டென்னிஸ் மைதானம். டென்னிஸையே பார்த்திராத குடியானவன் எதைச் சொல்லுவான்? நம் ஊரில் பயன்படும் பினே-காமத் சோதனை, பம்பாய் மாகாணத்தில் மராத்தியும் கன்னடமும் பேசிய பிள்ளைகளை வைத்து வி. வி. காமத் தயாரித்தது. அவர் நூல் 1940-ல் வந்தது. வண்ணக் கட்டைகளை அடுக்கும் பாட்டியா சோதனை 1955-ல் வந்தது. பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் சோதனையை மாலின் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்காகத் தழுவி எடுத்தது 1969-ல். அவர்கள் செய்தது பெரிய வேலை. ஆனால் அன்றைய பிள்ளைகளை அளவுகோலாக வைத்து இன்றைய பிள்ளையை அளப்பதை யோசிக்கத்தான் வேண்டும். பல நாடுகளில் பத்து வருடத்துக்குச் சுமார் 3 புள்ளி வீதம் சராசரி ஏறிவந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பழைய அளவுகோலில் அளந்தால், உதவி தேவைப்படும் பிள்ளைகூட 70-ஐத் தாண்டிவிட்டதாகத் தெரியலாம்.

இதனால் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் இன்னொரு பிள்ளைக்குத் துரோகம் செய்தவளாவேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வாய்ப்பாடு வரவில்லை, இரண்டு வரி சேர்ந்தாற்போல் எழுத வரவில்லை. திமிர், சோம்பேறித்தனம் என்று சொல்லி வீட்டிலும் அடி, வகுப்பிலும் அடி. சோதனையில் 55 வந்தது. அவள் அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ அவ வேணும்னு பண்ணலையா டீச்சர்?" என்று கேட்டார். அன்றோடு அடி நின்றது. சில்லறை எண்ணிக் கொடுப்பது, பஸ் பலகை படிப்பது என்று அவள் வேகத்துக்குச் சொல்லிக்கொடுத்தோம். சான்றிதழ் இருந்ததால் உதவித்தொகையும் கிடைத்தது. அந்த எண் அவளுக்கு நல்லதைத்தான் செய்தது.

சோதனை செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வெறும் எண்ணை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்த மொழியில் கேட்டீர்கள், கண்ணும் காதும் பார்த்தாகிவிட்டதா, பிள்ளை சாப்பிட்டிருந்ததா, பயந்து உட்கார்ந்திருந்ததா, எந்தப் பகுதியில் நன்றாகச் செய்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பெற்றோரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். எழுதித் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள். செல்போனில் பார்த்த எண்ணைத் தயவுசெய்து பிள்ளையிடம் சொல்லாதீர்கள். ஏற்கனவே சொல்லியிருந்தால், அது விளையாட்டு என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். பெரிதாக வேண்டாம். "மாறாது" என்று எழுதிய அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை,
விருதுநகர் மாவட்டம்