ஒயர் இல்லாத மிக்ஸர்

ஆசிரியருக்கு,

டிஜேக்கள் மேடையில் நேரடியாக இசையைக் கலக்காமல், முன்பே கோத்து வைத்ததை ஓடவிடுகிறார்கள் என்ற கட்டுரை படித்தேன். 'எல்லாம் ஏமாற்று' என்று ஒரே போடாகப் போட்டது சரியில்லை. எல்லோரும் பிளே பட்டனை அழுத்துபவர்கள்தான் என்று கனடாவின் பிரபல டிஜே டெட்மவுஸ் 2012இலேயே வெளிப்படையாக எழுதிவிட்டார். விளக்கும் திரையும் பாட்டோடு பிசகாமல் சேர வேண்டுமென்றால் முன்கூட்டியே கோத்து வைக்கத்தான் வேண்டும். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் என்ற மின்னணு இசைக் குழுவினரோ ஒரு பாட்டுக்குத் தங்களுக்குப் பதில் ரோபோ பொம்மைகளையே மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டம் அதற்கும் கைதட்டியது!

என் எரிச்சல் வேறு. போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் மேடையோரம் நின்றிருந்தேன். டிஜே இரண்டு கைகளையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தபோதே பாட்டு மாறியது. சரி, மாறட்டும். அப்புறம் ஓடிவந்து, பின்னால் ஒயரே செருகாத மிக்ஸரின் (பாட்டுகளைக் கலக்கும் கருவி) குமிழை வியர்க்க வியர்க்கத் திருகினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வாசகர், திருச்சி