விடிகாலை ஐந்தரைக்கு ஆதாரம் எடுப்பதா, வரிசையை ஓட்டுவதா? உதவிப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர் உதவிப் பிரிவினருக்கும், செய்திகளை வரிசையில் வைத்து ஒவ்வொன்றாகக் கொண்டு சேர்க்கும் உங்கள் செய்தி வரிசை மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்களுக்கும் வணக்கம்.

அக்டோபரில் உங்கள் மென்பொருள் விழுந்தது பற்றி நாங்கள் பதிந்த புகார் டிக்கெட்டைப் "போதிய தகவல் இல்லை" என்று நீங்கள் மூடி மூன்று வாரம் ஆகிறது. அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் உங்களிடமே இருப்பதால் முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. டிக்கெட்டில் எழுத இடமில்லாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உழவர் குழு ஒன்று தன் உறுப்பினர்களுக்காக அறுவடை வண்டிகளை வாடகைக்குப் பிடித்து ஊர் ஊராக அனுப்புகிறது. விவசாயி பதிவு செய்வது, டிரைவருக்கு மறுநாள் எந்த ஊர், யார் வயல் என்று தகவல் போவது, விவசாயிக்கு நேரம் சொல்வது எல்லாம் உங்கள் மென்பொருள் வழியாகத்தான் போகிறது. அதைக் கண்டெய்னரில்தான் (மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி போன்ற ஒன்று) ஓட்ட வேண்டும் என்று உங்கள் கையேடு சொன்னது. அப்படியே, கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் வைத்தோம்.

குறுவை அறுவடை நேரத்தில் மழை வரும் என்று சொல்லிவிட்டால், டெல்டாவில் எல்லோரும் ஒரே நாளில் வண்டி கேட்பார்கள். அன்றும் அப்படித்தான். இரவெல்லாம் வரிசையில் செய்திகள் குவிந்திருக்கின்றன. 2.10-க்குக் கண்டெய்னர் விழுந்தது. வெளியேறிய எண் 137, அதாவது வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டது; நினைவக வரம்பைத் தாண்டியதால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைக் கொன்றிருக்கிறது. தானாக எழுந்தது, குவியலைப் படிக்கத் தொடங்கியது, மறுபடி விழுந்தது. விடிவதற்குள் நான்கு முறை.

எனக்குத் தெரிந்தது 5.30-க்கு, ஒரு டிரைவர் போன் செய்தபோது. "சார், இன்னிக்கு எந்த ஊருக்கு வண்டிய எடுக்கறது?" அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று பேர் அதையே கேட்டார்கள்.

அந்த நிமிடத்தில் என் முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, விழுந்து விழுந்து எழும் கண்டெய்னருக்குள் எப்படியாவது நுழைந்து, அதன் நிலவரத்தை ஒரே கோப்பாகத் திரட்டும் உங்கள் சேகரிப்புக் கட்டளையை ஓட்டி ஆதாரம் எடுப்பது. இன்னொன்று, நினைவக வரம்பை உயர்த்தி, பாட்-ஐ (குபர்னெட்டிஸில் கண்டெய்னர் ஓடும் கூடு) அழித்துப் புதிதாக எழுப்பி, செய்திகளை ஓட விடுவது. நான் இரண்டாவதைச் செய்தேன். வண்டிகள் ரோட்டில் நிற்கும்போது யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். 7.40-க்கு வரிசை ஓடியது. பாட் அழிந்ததோடு அதன் லாக்கும், அதாவது உள்ளே நடந்ததை எழுதி வைக்கும் பதிவும், போய்விட்டது.

உங்கள் முதல் பதில் மறுநாள் வந்தது. "சம்பவ நேரத்தில் எடுத்த பரிசோதனைத் தொகுப்பை அனுப்பவும்." இல்லை என்றேன். "பாட்-ஐ ஏன் அழித்தீர்கள்?" என்று கேட்டீர்கள். முந்தைய கண்டெய்னரின் லாக்கைப் பார்க்கும் கட்டளையையும் சொன்னீர்கள். அது கடைசியாகச் செத்த ஒன்றின் லாக்கை மட்டும், அதுவும் பாட் இருக்கும் வரைக்கும்தான் காட்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் முறை ஏன் விழுந்தது என்பது அதில் எப்படி இருக்கும்? கிளஸ்டரின் (குபர்னெட்டிஸ் ஓடும் சர்வர் கூட்டத்தின்) நிகழ்வுக் குறிப்புகளைக் கேட்டீர்கள். அவை இயல்பான அமைப்பில் ஒரு மணி நேரம்தான் தங்கும். உழுது போட்ட வயலில் வந்து நின்று, போன போகத்துப் பயிரின் நோய் பிடித்த இலையைக் காட்டு என்று கேட்பது போல இருந்தது எனக்கு.

வெளியே சேமித்து வைத்திருந்த எங்கள் பயன்பாட்டு லாக் ஒரு துண்டு இருந்தது, அதை அனுப்பினோம். "2.10-க்கு இதில் எந்தப் பிழையும் இல்லை" என்று எழுதினீர்கள். கண்டெய்னருக்குள் ஓடுவது யுடிசி நேரம், நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால். நம் 2.10 அங்கே முந்தைய நாள் 20.40. முதல் கடிதத்திலேயே அதைக் குறிப்பிட்டிருந்தேன்.

அந்தத் தாமதத்தால் என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன். பாபநாசம் பக்கத்தில் ஓர் அம்மா, ஆறு மா நிலம் (சுமார் இரண்டு ஏக்கர்), ஆடுதுறை 43 நெல் போட்டிருந்தார். அன்று காலை ஆறு மணிக்கு அவருக்குப் பெல்ட் வண்டி (சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி) போயிருக்க வேண்டும். தகவல் வராததால் டிரைவர் தனக்குத் தெரிந்த வேறு ஊருக்குப் போய்விட்டார். சாயங்காலம் மழை பிடித்து இரண்டு நாள் விடவில்லை. வயலில் வண்டி இறங்க முடிந்தது நான்காம் நாள். குழுவின் ஆளோடு நானும் போயிருந்தேன். பயிர் முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அந்த அம்மா ஒரு கதிரைத் தூக்கி உதறி என் கையில் வைத்தார். சேறு வழிந்த பிறகு பார்த்தால், நெல்மணிகளின் முனையில் வெள்ளையாக முளை கட்டியிருந்தது. "முந்தாநேத்துக்கு முந்தியே பதிஞ்சேனே தம்பி, மெசேஜ் வரும்னுதானே உக்காந்திருந்தேன்" என்றார். சாய்ந்த பயிரை அறுக்க வண்டிக்கு நேரம் அதிகம். மணிக் கணக்கில் வாடகை, அதுவும் அவர் தலையில்தான் விழுந்தது.

ஏன் வரவில்லை என்று அவருக்குச் சொல்ல என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. உங்கள் மென்பொருள் நாங்கள் கொடுத்த 4 ஜிபி வரம்பைப் பார்த்து நினைவகத்தை ஒதுக்கியதா, இல்லை சர்வர் முழுவதன் நினைவகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டதா? எஸ்எம்எஸ் பக்கம் மெதுவாக இருந்தபோது, வரிசைக்குள் செய்தி அனுப்புகிற புரோகிராம்களை அது ஏன் நிறுத்திப் பிடிக்கவில்லை? எந்த வரிசையில் எத்தனை செய்தி நின்றது? இதெல்லாம் முதல் முறை விழுவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் எழுதப்பட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எனவே கேட்கிறேன்: ஆதாரம் எடுப்பதா, வேலையை ஓட்டுவதா என்று எங்களைத் தேர்வு செய்ய வைக்காதீர்கள். சாவதற்கு முன்பே உங்கள் மென்பொருள் தானாகச் சேகரித்து வைக்கட்டும்.

கெர்னல் கொல்லும்போது எந்தப் புரோகிராமுக்கும் கடைசி வார்த்தை எழுத அவகாசம் இருக்காது, அது எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன். பிழை லாக், நினைவகப் பயன்பாடு, வரிசைகளின் நீளம், இணைந்திருப்பவர்களின் எண்ணிக்கை இவை நிமிடத்துக்கு ஒருமுறை நிலையான டிஸ்கில் விழ வேண்டும். இன்று உங்கள் இயல்பான அமைப்பில் செய்திகள் மட்டும் நிலையான டிஸ்கில் இருக்கின்றன. பிழை லாக் கண்டெய்னரோடு சேர்ந்து அழிகிறது. அதை மாற்ற வழி உண்டு, ஆனால் அது கையேட்டின் கடைசிப் பகுதியில் இருந்தது, எனக்குப் பிரச்சினை வந்த பிறகே கண்ணில் பட்டது. எங்கள் பங்குக்கு இப்போது அதை மாற்றிவிட்டோம். புதிதாக நிறுவுகிறவருக்கு அது முதல் நாளே அப்படி இருக்க வேண்டாமா?

இன்னொன்று. உங்கள் சேகரிப்புக் கட்டளை உருவாக்கும் கோப்பை வெளியே எடுக்கக் குபர்னெட்டிஸின் நகல் கட்டளைக்குக் கண்டெய்னருக்குள் டார் (கோப்புகளைக் கட்டும் கருவி) வேண்டும். பாதுகாப்புக்காக உங்கள் கண்டெய்னர் இமேஜிலிருந்து டாரையும், கட்டளைகளை அடிக்க உதவும் ஷெல்லையும் எடுத்துவிட்டீர்கள். எடுத்தது சரிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் வெளியே எடுக்க வேறு வழி கொடுக்க வேண்டும் அல்லவா? குபர்னெட்டிஸை அடிப்படையாகக் கொண்ட ஓபன்ஷிப்ட்டில் மஸ்ட்-கேதர் என்று ஒரே கட்டளை இருக்கிறது. அதுவே தற்காலிகமாக ஒரு பாட்-ஐ எழுப்பி, வேண்டியதைத் திரட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. முடியாத காரியம் இல்லை.

அப்புறம், நினைவக டம்ப் (நினைவகத்தில் இருப்பதன் முழு நகல்) கேட்டீர்களே, அதில் என்ன இருக்கும் என்று யோசித்தீர்களா? ஆயிரக்கணக்கான விவசாயிகளின் போன் எண், ஊர், வயல் அளவு, வாடகை பாக்கி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்த அம்மாவின் எண்ணை முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. செய்தியின் உள்ளடக்கத்தை மறைத்துவிட்டு, அளவும் நேரமும் மட்டும் இருக்கும்படி ஒரு தொகுப்பு எடுக்க வழி செய்யுங்கள். அது இல்லாததால் நான் தயங்கினேன். அந்தத் தயக்கத்தைத்தான் "வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை" என்று டிக்கெட்டில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி என்னை மிகவும் புண்படுத்தியது.

இரவு முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு பத்து பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தை மனதில் வைத்தே இப்படிப்பட்ட மென்பொருளை எல்லோரும் செய்கிறார்கள். கும்பகோணம், மன்னார்குடி, நன்னிலம் போன்ற ஊர்களில் ஒரே ஆள்தான் நிறுவுகிறார், அவர்தான் போனும் எடுக்கிறார். நாங்கள் கட்டும் சந்தா மட்டும் அந்தப் பத்து பேர் அலுவலகம் கட்டுவதேதான்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் இரண்டு பேர் வேலை நேரம் தாண்டியும் எனக்குப் பதில் எழுதினார்கள். அதற்கு நன்றி. அவர்கள் கையிலும் ஆதாரம் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

தயவுசெய்து அந்த டிக்கெட்டைத் திரும்பத் திறந்து, "ஒத்துழைக்கவில்லை" என்ற அந்த வரியை நீக்கிவிடுங்கள். சாவதற்கு முன் தானாகச் சேகரிக்கும் வசதி எந்தப் பதிப்பில் வரும் என்று எழுதுங்கள். வராது என்றால் அதையாவது சொல்லுங்கள், வேறு வழி பார்க்கிறோம். தை பிறந்தால் சம்பா அறுவடை. அதற்கு முன் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்