பனி திடீரென்று வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணாலிப் பனியில் கார்கள் வரிசையாகப் புதைந்து நிற்கும் படத்தைச் சென்ற வாரம் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படம் அருமை. கீழே ‘திடீர்ப் பனிப்பொழிவு, சுற்றுலாப் பயணிகள் தவிப்பு’ என்று ஒரு வரி. அந்தத் ‘திடீர்’ என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். ராணுவத்தில் லாரி ஓட்டி, ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் ஏழு குளிர்காலம் கழித்தவன் நான். பெரும்பனி அங்கே சொல்லிவிட்டுத்தான் வரும்.

வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால், அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று நம் டீக்கடைகளில்கூடப் பேசுகிறார்கள். இமயமலையில் குளிர்காலத்தில் கொட்டும் பனிக்கும் அப்படி ஒரு பிறந்த இடம் உண்டு. அந்தப் பனியைக் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வு பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி, உயரே வீசும் மேலைக் காற்றோடு வந்து சேர்கிறது. ‘மேற்கத்திய இடையூறு’ என்கிறார்கள். (ஏதோ அலுவலகத் தொந்தரவு மாதிரி ஒரு பெயர்!) வந்து சேரச் சில நாட்கள் ஆகும். அதனால் இந்திய வானிலை ஆய்வு மையம் முன்கூட்டியே மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவித்துவிடுகிறது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த உயரத்துக்கு மேலே பனி, எதற்குக் கீழே வெறும் மழை என்பதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். மணாலி ஊர் ஏறக்குறைய 2,050 மீட்டர் உயரம். அதற்கு மேலே மலையைக் குடைந்து போகும் அடல் சுரங்கச் சாலையின் தெற்கு வாசல் 3,000 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குளிர் கூடும். ஊரில் தூறல் போடும்போதே மேலே பனி கொட்டும். ஒரு பள்ளத்தாக்கில் விழுவதைப் பக்கத்து மலை ரேடாருக்கு மறைத்தும்விடும். அதற்காகத்தான் இமாச்சலில் குஃப்ரி, ஜோட், முராரி தேவி என்று உயரமான இடங்களில் ரேடார் வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் ஆயிரம் வண்டிகள் வரை சிக்கிக்கொண்டது மணாலிக்குச் சற்று மேலே உள்ள சோலாங்குக்கும் அந்தச் சுரங்கப்பாதைக்கும் நடுவில்தான்.

போன ஜனவரியில் என் மருமகன் மணாலியிலிருந்து போன் செய்தார். “மாமா, ஆரஞ்சு எச்சரிக்கைன்னாங்க, இங்க சும்மா தூறல்தான். சிவப்பு இல்லையே, மேலே போகலாம்னு டிரைவர் சொல்றார்.” ஆரஞ்சு என்றால் தயாராக இரு என்று அர்த்தம், போய்ப் பார் என்று அர்த்தமில்லை. நான் போட்ட சத்தத்தில் அறையிலேயே இருந்துவிட்டார்கள். மூன்று நாள் மகள் என்னோடு பேசவில்லை. சரி, அது எங்கள் வீட்டு விஷயம்.

பாகிஸ்தானின் மலைச் சுற்றுலா ஊரான முர்ரியில் 2022 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கடும்பனி வரும் என்று அந்த நாட்டு வானிலைத் துறை முன்பே சொல்லியிருந்தது. ஆனாலும் பனி பார்க்க வண்டிகள் ஏறிக்கொண்டே இருந்தன. காருக்குள் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாயைப் பனி மூடிவிட, வண்டிக்குள் பரவிய நச்சுவாயுவே பலரைக் கொன்றதாகச் சொன்னார்கள்.

நம் மொழியிலும் ஒரு சிக்கல். மார்கழிப் பனியும் பனி, ஊட்டிப் புல்லில் காலையில் வெள்ளையாகப் படிவதும் பனி, ஆளை மூழ்கடிப்பதும் பனி. ஊட்டிக்கு எடுத்துப் போன மப்ளரை மடித்து வைத்துக்கொண்டு மணாலிக்குக் கிளம்புகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உங்கள் வானிலைப் பகுதியில் இரண்டே வரி ஒதுக்குங்கள். இமாச்சல், காஷ்மீர், உத்தராகண்டுக்கு அன்றைக்கு என்ன நிறம், எந்தச் சாலை மூடியிருக்கிறது, அவ்வளவு போதும். என் மருமகன் பொங்கல் விடுமுறைக்கு மறுபடியும் மணாலிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். என் பேச்சைவிடப் பத்திரிகையில் வருவதைத்தான் அவர் நம்புவார்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஓட்டுநர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.