கடற்கரைப் பயணக் குறிப்புகளில் ரயில் நிலையத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் வரும் சுற்றுலாப் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். கடற்கரை ஊர் எதைப் பற்றி எழுதியிருந்தாலும் முதலில் அதைத்தான் படிப்பேன். ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காரில் கிளம்பினால் எத்தனை மணி நேரம், போகிற வழியில் எங்கே நிறுத்தலாம், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டரில் அடுத்த கடற்கரை, இப்படித்தான் எல்லாக் கட்டுரையும் போகிறது. கார் இல்லாதவர், கண் பார்வை சரியில்லாமல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னவர், தினமும் ஓட்டி அலுத்துப்போய் விடுமுறையிலாவது ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்று நினைப்பவர், இவர்கள் எல்லாம் கடலுக்குப் போக வேண்டாமா? அதிலும் தனியாகப் போகிறவருக்கு என்று ஒரு வரிகூட வருவதில்லை.

எனக்கு கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஓய்வு வேண்டும் என்று தோன்றினால் தனியாக, ரயிலிலோ பஸ்ஸிலோ, ஒரு கடற்கரை ஊருக்குப் போய்விடுவேன். அதனால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். ஓய்வுக்காகவே போவதாக இருந்தால் கார் இல்லாமல் போவதுதான் நல்லது. வாகனம் கையில் இருந்தால் இங்கே ஒரு கலங்கரை விளக்கம், அங்கே ஒரு அருவி என்று நாள் முழுக்க ஓடத் தோன்றும். தனியாக ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு வழியெல்லாம் வேலைதான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. வாகனம் இல்லாதவருக்கு அந்த ஊர்தான், அந்தக் கரைதான்.

இது புதுப் பழக்கமும் இல்லை. சாதாரண மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே ரயில்தான். இங்கிலாந்தில் பிரைட்டனுக்கு லண்டனிலிருந்து ரயில் வந்தது 1841இல். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி 1854இல் ரயில் பாதையோடு சேர்ந்தே உருவான ஊர். கடலில் இருந்து திரும்புகிறவர்கள் காலில் ஒட்டிய மணலோடு ரயில் பெட்டிக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் ஏறிவிடுகிறார்கள் என்று 1870இல் அங்கே மரப்பலகையில் ஒரு நடைபாதை போட்டார்கள், பிறகு அந்த நடைபாதையே ஊருக்கு அடையாளமாகிவிட்டது. பெல்ஜியத்தில் இன்றைக்கும் கடற்கரையை ஒட்டி ஏறக்குறைய 67 கிலோமீட்டருக்கு டிராம் ஓடுகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எந்தக் கடற்கரையிலும் இறங்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போகும் கிளை ரயில் பாதை 1877இல் திறந்தது, ரயிலை விட்டு இறங்கினால் கீழேயே மணல்.

அதனால் திட்டம் போடும்போது முதலில் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் எப்படிப் போவது என்று தேட வேண்டாம். ரயில் பாதையையோ பஸ் தடத்தையோ எடுத்துக்கொண்டு, அது கடலை எங்கெங்கே தொடுகிறது என்று பார்த்தால் வேலை பாதி முடிந்தது. மீதிப் பாதி அறையில்தான் இருக்கிறது. நடந்து போகிறவருக்கு அறை எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்டேஷன், கரை, சாப்பாட்டுக்கு ஓர் இடம், மூன்றும் கால்மணி நேர நடைக்குள் இருந்தால் போதும், அதற்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

இங்கே விளம்பரங்களை அப்படியே நம்பக் கூடாது. கடலிலிருந்து 300 மீட்டர் என்று போட்டிருப்பார்கள், அது பெரும்பாலும் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்த தூரம். நடுவில் ஒரு கழிமுகம் இருக்கும், பாலம் எங்கோ தள்ளி இருக்கும். இல்லாவிட்டால் கடக்க முடியாத ரயில் தண்டவாளமோ வேலி போட்ட தனியார் நிலமோ குறுக்கே வரும். வரைபடத்தில் நடைவழி என்று தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும், செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி அந்தச் சாலையின் ஓரத்தில் நடக்க இடம் இருக்கிறதா, லாரி போகும் நெடுஞ்சாலையா என்றும் பார்த்துவிட வேண்டும். தூரம் சரியாக இருந்தாலும் உயரம் ஏமாற்றும். இத்தாலியில் சிங்க்வே டெர்ரே என்று ஐந்து கடலோரக் கிராமங்கள் உண்டு, ரயிலில் ஒன்றுக்கொன்று சில நிமிடம்தான், கார் இல்லாதவர்களுக்கு அதைவிட வசதியான கரை இருக்காது. ஆனால் அதில் கொர்னீலியா என்ற கிராமம் மட்டும் குன்றின் மேல் இருக்கிறது, ஸ்டேஷன் கீழே. ஊருக்குள் போக 382 படி ஏற வேண்டும். சிறு பஸ் ஒன்று இருக்கிறது என்பதும், அது எந்த நேரத்தில் வரும் என்பதும் தெரிந்து போகிறவருக்குக் கவலையில்லை. சக்கரம் வைத்த பெட்டியோடு போய் இறங்குகிறவரை நினைத்துப் பாருங்கள்.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மணலில் சக்கரம் உருளாது, கல் பாவிய தெருவில் உருண்டாலும் கை வலிக்கும். தோளில் மாட்டி அரை மணி நேரம் நடக்க முடிகிற எடைதான் கணக்கு. கிளம்புவதற்கு முந்தின நாள் நிரப்பிய பையோடு தெருவை ஒரு சுற்று வந்தால் எதை எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று தானே தெரிந்துவிடும். கடைசி நாள் அறையைக் காலையில் விட வேண்டியிருக்கும், ரயிலோ மாலையில் இருக்கும். அதுவரை பையை வைத்துக்கொள்வார்களா என்று அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

நேர அட்டவணையில் பலரும் கவனிக்காத ஒன்று, கடற்கரை ஊர்களின் பஸ்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். கூட்டம் வரும் மாதங்களில் அடிக்கடி ஓடும் பஸ் மற்ற மாதங்களில் காலை ஒன்று, மாலை ஒன்று என்று சுருங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓடாமலே போகலாம். போகிற தேதிக்கான அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் முதல் வண்டியைவிடக் கடைசி வண்டி முக்கியம். தனியாகப் போகிறவர் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருகிற மாதிரி ரயிலைப் பிடிப்பது நல்லது. தெரியாத ஊரில் இருட்டில் வழி தேடிக்கொண்டு நின்றால், நிம்மதி தேடிப் போன பயணம் பயத்தோடு தொடங்கும்.

எத்தனை நாள் என்று கேட்டால், ஒரே இடத்தில் மூன்று இரவுக்குக் குறைந்து வேண்டாம். போகிற நாளும் திரும்புகிற நாளும் பயணத்திலேயே கழிந்துவிடும். கார் இல்லாதவர் இரண்டு ஊரைச் சேர்த்துக்கொண்டால் பாதி நேரம் பஸ் நிறுத்தத்தில்தான் போகும்.

இனி கடல். தனியாகப் போகிறவர்களுக்காக எழுதும் கட்டுரை இதைச் சொல்லாமல் விடவே கூடாது. உயிர்காப்பாளர் இருக்கும் கரையில்தான் தண்ணீரில் இறங்க வேண்டும், இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். பல நாடுகளில் பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருப்பார்கள், அவற்றுக்கு நடுவில்தான் குளிக்கலாம். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் கரையோடு சரி. அலை உடையும் வரிசையில் நடுவில் ஓர் இடம் மட்டும் அலையே இல்லாமல் அமைதியாகத் தெரிந்தால் பலர் அங்கேதான் இறங்குகிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் குறுகிய நீரோட்டம் இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலக வேண்டும். கூட யாரும் இல்லாதவர் இடுப்பளவுத் தண்ணீரோடு நின்றுகொள்வதே புத்திசாலித்தனம்.

நடக்கப் போகிறவருக்கும் கடலின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் கடல் ஒருமுறை ஏறி, வற்றி, மறுபடி ஏற ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும், அதனால் நேற்று ஏறிய நேரத்தைவிட இன்று சுமார் 50 நிமிடம் தள்ளி ஏறும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இன்னும் உயரமாக ஏறும். செங்குத்துப் பாறைக்குக் கீழே போகும் மணல்வழி போகும்போது அகலமாக இருக்கும், திரும்பும்போது தண்ணீருக்குள் போயிருக்கும். ஏறும் நேரம் எது என்று தெரிந்துகொண்டு, வற்றிக்கொண்டிருக்கும்போது கிளம்பினால் பயமில்லை, கெட்டியான ஈரமணலும் கிடைக்கும், கால் புதையாது. வெயில் நாளில் நிலம் சூடேறச் சூடேறப் பிற்பகலில் கடல்காற்று பலமாகிவிடும், காலையில் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதனால் குளியலையும் நடையையும் காலையிலேயே முடித்துவிட்டு, உச்சி வெயிலில் அறையில் தூங்கி, மாலையில் காற்று வாங்க வெளியே வருவது என் வழக்கம். எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

ஆசிரியரிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. இனி கடற்கரை ஊர் பற்றி எழுதும்போது கட்டுரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். பக்கத்து ரயில் நிலையம் அல்லது பஸ் நிலையம் எது, அங்கிருந்து கரைக்கு நடந்தால் எவ்வளவு நேரம், வழியில் மேடா சமதளமா, கடைசி வண்டி எப்போது, உயிர்காப்பாளர் உண்டா, தனி ஆளுக்கு அறை தருகிறார்களா. இவ்வளவுதான். எழுதுகிறவர் ஒருமுறை பஸ்ஸில் போய் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. இடம் போதவில்லை என்றால் சூரிய அஸ்தமனப் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி