சொத்தையை வெள்ளையிலேயே கண்டுகொள்ளுங்கள்: ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களின் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் வரும் பிள்ளைகளுள் பலர், இரவெல்லாம் அழுது கன்னம் வீங்கிய பிறகுதான் வருகிறார்கள். பல மாதங்களுக்கு முன்பே பல்லில் தெரிந்திருக்கக்கூடிய அடையாளத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று அவர்கள் வீட்டாருக்கு யாரும் சொல்லவும் இல்லை. பிள்ளைகளின் முகத்தை நாள்தோறும் பார்க்கிறவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சொத்தை முதலில் கறுப்பாகத் தோன்றுவதில்லை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையிலிருந்தும் மாவுப் பண்டங்களிலிருந்தும் உண்டாக்கும் அமிலம் பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் தாதுக்களைக் கரைக்கும்போது, நம் ஊர்ப் பெரிய வீடுகளின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு மங்குவதுபோல் பல்லின் பளபளப்பு போய், ஈறை ஒட்டி ஒரு வெளுத்த கோடு விழுகிறது. எச்சில் ஈரத்தில் அது மறைந்திருக்கும். துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். எனாமலில் நரம்பு இல்லாததால் பிள்ளைக்கு வலியும் இராது. ஆனால் குழி விழாத இந்தக் கட்டத்தில்தான், ஃபுளோரைடு பற்பசையாலும் மருத்துவர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷாலும் தின்பண்டப் பழக்கத்தைத் திருத்துவதாலும் சொத்தையைத் தடுத்து நிறுத்தவும், இழந்த தாதுவைப் பல் ஓரளவு திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. குழி விழுந்துவிட்டால் அது தானாக மூடுவதில்லை.

பால் புட்டியோடு உறங்கிப் பழகிய குழந்தைகளுக்கு முதலில் கெடுவன மேல் முன்பற்கள். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பதால், அவற்றை மட்டும் பார்த்து 'பல் நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்துவிடாமல், மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

அடுத்தது, என்னை மிகவும் வருத்துவது: ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அது முளைத்து வரும்போதே அதன் ஆழமான பள்ளங்களில் சொத்தை தொடங்கிவிடக்கூடும். விழுந்தால் வேறு பல் முளைக்காது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் இதனைப் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னாலே பெரும் உதவி.

ஒரே இடத்தில் உணவு சிக்குவது, ஒரு பக்கமாகவே மெல்லுவது, குளிர்ந்த நீருக்கு முகம் சுளிப்பது ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. வெள்ளைத் திட்டுகள் எல்லாமே சொத்தை அல்ல; தண்ணீரில் மிகுந்த ஃபுளோரைடாலும் திட்டுகள் வரும். ஆகவே நோய் இன்னதென்று நீங்கள் கூற வேண்டாம், அனுப்பிவைத்தால் போதும்.

பெற்றோர் வெளியூரில் வேலை பார்க்க, அப்பத்தாவோ அம்மா வழி ஆயாவோ வளர்க்கும் பிள்ளைகள் இங்கே உண்டு. 'பால் பல்தானே, விழுந்துவிடும்' என்பார்கள். பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை உணவை மெல்லுவதற்குத் தேவையானவை என்பதை அவர்களிடம் பரிவோடு சொல்லுங்கள். மாவுருண்டையையும் சீப்புச்சீடையையும் தடுக்கச் சொல்லவில்லை. தூக்கிலிருந்து நாள் முழுதும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொறிப்பதே கெடுதல், ஏனெனில் ஒவ்வொரு முறையும் அமிலம் புதிதாய்ச் சுரந்து, எச்சில் அதைத் தணிக்க அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். உணவு வேளையோடு சேர்த்துத் தின்னட்டும்.

உங்களிடம் நான் வேண்டுவது இது. மாதம் ஒரு நாள், பெற்றோர் இசைவுடன், காலை வெளிச்சத்தில், கைகளைக் கழுவி, பிள்ளைக்கொரு சுத்தமான துணியால் முன்பற்களைத் துடைத்துப் பாருங்கள். 2013 முதல் நடைபெறும் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பற்சொத்தையும் அடங்கும். அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். ஐயமுள்ள பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துவைத்து அக்குழுவிடம் கொடுங்கள்; அவர்கள் வர நாளாகுமானால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அந்த வாரமே அனுப்புங்கள்.

பணிவன்புடன்,
காரைக்குடிப் பல் மருத்துவர் ஒருவர்