லாரி ஓட்டுநருக்குத் தூங்க நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரி விபத்து என்று செய்தி வந்தால், 'ஓட்டுநர் கண் அயர்ந்துவிட்டாராம்' என்பதோடு பலருக்குப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் கண் அயர்வது அந்த நொடியில் தொடங்கும் விஷயம் அல்ல. முதல் நாள் இரவு அவர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதில் அது தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் துவாஸ், பாசிர் பாஞ்சாங் துறைமுகங்களுக்குக் கொள்கலன் இழுப்பவர்கள், பகல் முழுக்கக் கட்டுமானத் தளத்தில் உழைத்துவிட்டுக் காலையும் மாலையும் ஆட்களை ஏற்றி இறக்கும் ஓட்டுநர்கள், அவர்களிடம் சாவியைக் கொடுக்கும் மேற்பார்வையாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தளத்தில் வேலை செய்துகொண்டே லாரியும் ஓட்டுபவரின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 5.30 மணிக்குத் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வாசலில் வண்டி நிற்க வேண்டுமென்றால் அவர் 4.30 மணிக்கு எழ வேண்டும். மாலை 7 மணிக்கு வேலை முடிந்து, இரண்டு விடுதிகளில் ஆட்களை இறக்கி, வண்டியை நிறுத்திவிட்டு அறைக்கு வர 9 மணி ஆகிவிடும். குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். அன்றைக்கு அவருடைய சமையல் முறை என்றால் அதுவும் சேரும். சாப்பிட்டு முடிக்கும்போது 10.30. அதற்குப் பிறகுதான் ஊருக்கு போன். தமிழ்நாட்டில் இரவு 9.30 என்றால் இங்கே நள்ளிரவு 12. வீட்டில் எல்லாரும் வேலை ஓய்ந்து பேச உட்காரும் நேரம் இவருக்கு நடுச்சாமம். மிஞ்சுவது நாலரை மணி நேரத் தூக்கம். உடம்புக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். தினமும் இரண்டரை மணி நேரம் குறைந்தால் ஆறு நாளில் 15 மணி நேரம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை உச்சிவரை தூங்கினாலும் அந்தப் பாக்கி அடையாது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைகால் வேகமும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 24 மணி நேரமானால் ஏறக்குறைய 0.10 விழுக்காடு. சிங்கப்பூரில் வாகனமோட்டிகளுக்கான சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம், அதாவது 0.08. காலை 4.30 மணிக்கு எழுந்தவர் இரவு 9.30 மணிக்கு இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே பாதி வரம்பைத் தாண்டியவராகத்தான் ஓட்டுகிறார்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. நான்கு நொடி இமை மூடினால் 66 மீட்டர். நாற்பதடிக் கொள்கலன் ஐந்தை வரிசையாக வைத்தாலும் அவ்வளவு நீளம் வராது. அந்த நான்கு நொடியும் பிரேக்கில் கால் இருக்காது. தூக்கத்தால் நேரும் மோதல்கள் அவ்வளவு மோசமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அறிகுறிகள் முன்கூட்டியே வரும். கொட்டாவி முதல் அறிகுறி என்றாலும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தது, கடந்த இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாமல் போவது. திரும்ப வேண்டிய வெளிவழியைத் தவறவிடுவது. தடக்கோட்டின்மேல் டயர் ஏறி 'டக் டக்' என்று சத்தம் கேட்டதும் ஸ்டியரிங்கைச் சட்டென்று இழுத்துத் திருத்துவது. இந்த மூன்றில் ஒன்று வந்துவிட்டாலே ஓட்டுவதை நிறுத்தியாக வேண்டும். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, கன்னத்தில் தட்டிக்கொள்வது எல்லாம் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதைவிட, 'தெளிந்துவிட்டது' என்ற பொய் நம்பிக்கையைக் கொடுத்துவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து. வண்டியை நிறுத்திவிட்டு 15 முதல் 20 நிமிடம் கண்ணை மூடினால் போதும். இதற்கு ஒரு முறை உண்டு. விரைவுச்சாலையின் ஓரத்தில் நிறுத்தாதீர்கள். அது சட்டப்படி தவறு, பின்னால் வரும் வண்டிக்கும் ஆபத்து. வெளிவழியில் இறங்கிக் கனரக வாகன நிறுத்துமிடத்துக்கோ வேலைத்தளத்துக்கோ போங்கள். முதலில் ஒரு கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி, குடித்துவிடுங்கள். சூடாக வாங்கினால் ஆற்றி ஆற்றிக் குடிக்கவே பத்து நிமிடம் போய்விடும். கோப்பி ஓ பெங் என்று ஐஸ் போட்டுக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடியும். காப்பியின் வேலை தொடங்க 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் தூங்க வேண்டும். போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, கைபிரேக் போட்டு, இருக்கையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். 40, 50 நிமிடம் போய்விட்டால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ வேண்டிவரும். தலை பாரமாகி முன்பைவிட மந்தமாகிவிடும். எழுந்ததும் உடனே வண்டியை எடுக்கவும் கூடாது. முகம் கழுவி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரையும் கொள்கலன் பூட்டுகளையும் தட்டிப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்.

இதில் சிங்கப்பூருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம். இன்ஜினை அணைத்தால் ஏர்கான் நிற்கும், மதிய வெயிலில் கேபின் அடுப்பாகிவிடும். அதனாலேயே பலர் தூங்காமல் வண்டியை எடுத்துவிடுகிறார்கள். இருபுறமும் கண்ணாடியை நன்றாக இறக்கி, நிழல் பார்த்து நிறுத்தி, கழுத்தில் ஈரத்துண்டு போட்டு, பேட்டரியில் ஓடும் சின்ன விசிறியை வைத்துக்கொண்டால் 20 நிமிடம் சமாளிக்கலாம். நிறுவனங்கள் விசிறி வாங்கிக் கொடுக்கலாம். தளத்து ஓய்வறையில் ஓட்டுநருக்கென ஒரு சாய்வு நாற்காலி போட்டால் இன்னும் நல்லது. ஓட்டும்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: ஏர்கானில் உள்காற்றே சுழலும்படி பொத்தானை வைத்துவிட்டு மணிக்கணக்கில் ஓட்டினால் உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சுக்காற்று கேபினுக்குள் தேங்கி மந்தம் தட்டும். வெளிக்காற்று வரும்படி அவ்வப்போது மாற்றி வையுங்கள்.

காப்பிக்கும் ஓர் எல்லை வேண்டும். குடித்த காப்பியில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 9.30 மணிக்குப் படுப்பவர் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு கோப்பியோ தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரோ குடித்தால் படுக்கையில் புரள வேண்டியதுதான். சக்தி பானங்களும் அப்படியே.

பிற்பகல் 2 முதல் 4 மணிவரையும் அதிகாலை 2 முதல் 5 மணிவரையும் உடம்பின் கடிகாரமே தூக்கத்தை இழுக்கும் நேரம். நன்றாகத் தூங்கியவருக்குக்கூட அப்போது கண் செருகும். அந்த நேரத்தில் தட்டு நிறையச் சோறோ பிரியாணியோ இறங்கினால் கேட்கவே வேண்டாம். மதியத்துக்குச் சோற்றைப் பாதியாகக் குறைத்து மீன், முட்டை, பருப்பு, காயைக் கூட்டிக்கொள்ளலாம். வழியில் கழிவறை கிடைக்காது என்று தண்ணீரையே தவிர்க்கும் ஓட்டுநர்கள் நிறைய. உடம்பில் நீர் குறைந்தாலும் தலைவலி, சோர்வு, கவனக்குறைவு வரும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

மருந்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், சில இருமல் மருந்துகளில் உள்ள புரோமெதசின் ஆகியவை நன்றாகத் தூக்கம் வரவழைப்பவை. இரவில் போட்டுக்கொண்டாலும் காலைவரை மப்பு நிற்கும். மருத்துவரிடம் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லாமல், 'லாரி ஓட்டுகிறேன், தூக்கம் வராத மருந்து கொடுங்கள்' என்று கேளுங்கள். லோராடடின் போன்று குறைவாகத் தூக்கம் தரும் மாற்று மருந்துகள் இருக்கின்றன. எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் அசதியாக இருக்கிறதா? அறைத் தோழர்கள் 'பயங்கரமாகக் குறட்டை விடுகிறீர்கள், நடுவில் மூச்சே நின்றுபோகிறது' என்கிறார்களா? அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, மருத்துவரைப் பார்த்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உரிமம் போய்விடுமோ என்று மறைப்பவர்கள் தங்கள் உயிரோடு பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.

விடுதி அறையில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஓட்டுநரைச் சமையல் முறையிலிருந்து விடுவித்து, ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையை அவரிடம் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் எழுபவர்களை ஒரே அறையில் போட விடுதி நிர்வாகத்தைக் கேட்கலாம். கீழ்க்கட்டிலுக்கு ஒரு துணித்திரை, காதடைப்பான், கண்மூடி இருந்தால் மற்றவர்கள் விளக்குப் போட்டாலும் தூங்கலாம். ஊருக்குப் பேசுவதை இரவு 7 மணிக்கு மாற்றிக்கொள்ளலாம்; அங்கே அப்போது 4.30, பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரம். ஆட்கள் ஏறி முடிக்கக் காத்திருக்கும் பத்து நிமிடம் அதற்குப் போதும், வண்டி நகர ஆரம்பித்ததும் போனை வைத்துவிட வேண்டும். இரவுப் பணி தொடங்கும் முதல் நாள், கிளம்புவதற்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட வேண்டும்.

ஊழியர்களை ஏற்றிச் செல்லும் லாரியில் ஓட்டுநருக்குத் துணையாக ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்தத் துணையும் அதே தளத்தில் நாள் முழுக்க உழைத்தவர். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறார். வாரம் முழுக்க ஒருவரையே போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். 'அண்ணே, அடுத்த வெளிவழி எது?' என்று அவர் இடையிடையே கேட்கட்டும். பதில் தாமதமானால் 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை முதலாளியே எல்லார் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டும். கொள்கலன் ஓட்டுநர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி தரும் நிறுவனங்களும் யோசிக்க வேண்டும்: 20 நிமிடத் தூக்கம் அவர்களுக்கு ஒரு நடை நஷ்டம் என்றால் யார் தூங்குவார்கள்? துறைமுக வாசலில் வரிசையில் காத்திருப்பதையும் ஓய்வாகக் கணக்கிடாதீர்கள். அடிக்கடி வண்டியை நகர்த்திக்கொண்டிருப்பவர் எப்படிக் கண்ணை மூடுவார்?

மேற்பார்வையாளர்களிடம் என் வேண்டுகோள் இது. காலையில் சாவியைக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? இன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? ஐந்து மணி நேரத்துக்குக் குறைவென்றால் சாவியை உரிய உரிமம் உள்ள இன்னொருவரிடம் கொடுங்கள். உண்மையைச் சொன்னவரின் அன்றைய சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்காதீர்கள். ஒருமுறை பிடித்துவிட்டால், மறுநாளிலிருந்து எல்லாரும் 'எட்டு மணி நேரம் தூங்கினேன்' என்றுதான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பாதுகாப்புப் பயிற்றுவிப்பாளர்,
ஜூரோங் வெஸ்ட்